தோட்டம் – வாசகர் கேள்வி பதில்: கிவி இலையின் வயதும் பாக்டீரியா நோயும்

கேள்வி (தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்து ரிச்மண்ட் வாசகர்): வணக்கம் ஐயா. எங்கள் நிலத்தில் பந்தல் போட்டு இருபது கிவிக் கொடிகள் வளர்க்கிறோம். இந்த வசந்தத்தில், அக்டோபர் கடைசியில் மூன்று நாட்கள் விடாமல் குளிர்மழை பெய்தது. அதற்குப் பின் நுனிப்பக்கத்து இலைகளில் கரும்பழுப்புப் புள்ளிகள் தோன்றின. அடியில் உள்ள பெரிய இலைகளோ சுத்தமாக இருக்கின்றன. என் தாத்தா கரும்புத் தோட்டத்தில் சோகை உரித்துப் பழகியவர். 'கிழட்டு இலைதான் நோய்க்கு வீடு' என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். நோய் பரவுவதற்கு முன் அடி இலைகளை உரித்துவிடலாமா?

பதில்: உரிக்க வேண்டாம். தாத்தா சொன்னது கரும்புக்குப் பிழையில்லை. கிவிக்குத்தான் அது பொருந்தாது. கரும்பின் சோகை செத்துக் காய்ந்த இலை, அதை உரிப்பதால் பயிருக்கு இழப்பு எதுவும் இல்லை. கிவிக் கொடியின் அடி இலையோ கொடிக்கும் காய்க்கும் உணவு சமைத்துக்கொண்டிருக்கும் இலை. அது சுத்தமாக இருப்பதற்கும் அதன் வயதுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இலையின் பருவங்களுக்குத் தமிழில் கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. கிவியைத் தாக்கும் பாக்டீரியாவைப் புரிந்துகொள்ள இந்தப் பெயர்களே பெரிதும் உதவும், ஏனென்றால் ஒரே கொடியில், ஒரே மழையில் நனைந்த ஐந்து பருவத்து இலைகளும் அந்தப் பாக்டீரியாவுக்கு ஐந்து வெவ்வேறு நிலங்கள் போன்றவை. சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பெரிய பாக்டீரியா இனத்தில் கிவியின் மேல் வாழப் பழகிய வகையை விவசாயிகள் சுருக்கமாகப் பிஎஸ்ஏ என்கிறார்கள். தோலைத் துளைத்துக்கொண்டு நுழையும் ஆற்றல் சில பூஞ்சைகளுக்கு உண்டு, பாக்டீரியாவுக்குக் கிடையாது. அது ஏற்கெனவே திறந்திருக்கும் வாசலைத் தேடித்தான் உள்ளே போக வேண்டும். இலையின் அடிப்பக்கத்தில் மூச்சுவிடும் இலைத்துளைகள், இலை ஓரத்தில் நீர் கசியும் துளைகள், முறிந்த மயிர்கள், காற்றும் ஆலங்கட்டியும் ஏற்படுத்திய கீறல்கள், இலை உதிர்ந்த இடத்துத் தழும்புகள் ஆகியவையே அதன் வாசல்கள்.

முழுவதும் மூடிச் சுருண்டிருக்கும் கொழுந்தில் இலைத்துளைகள் இன்னும் உருவாகி முடிந்திருக்காது. வாசல்களே அங்கே குறைவு. தளிர் விரியத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. இலைத்துளைகளும் மயிர்களும் இலை சிறிதாக இருக்கும்போதே பெரும்பாலும் உருவாகிவிடுகின்றன, பின்னர் இலை பெரிதாகும்போது அவை ஒன்றிலிருந்து ஒன்று விலகிப் போகின்றன. அதனால் ஒரு சதுர சென்டிமீட்டரில் முதிர்ந்த இலையில் இருப்பதைவிட இளந்தளிரில் அவை நெருக்கமாக இருக்கும். ஹேவர்ட் என்ற பச்சைக் கிவி வகையின் தளிரைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் கம்பளிபோல் மயிர் அடர்ந்திருக்கும். அந்த மயிர்களுக்கிடையே தங்கும் ஈரம் மழை விட்ட பிறகும் எளிதில் காய்வதில்லை. மேலே மெழுகுப் படலம் மெல்லியதாக இருக்கிறது, செல் சுவர்கள் இழுபட்டு வளர்வதற்காக இளக்கமாக இருக்கின்றன. இவற்றோடு வசந்த காலத்தில் கிவியின் வேர் மிக வேகமாக நீரை மேலே தள்ளும். அப்போது வெட்டிய கொடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஈரமான இரவுகளில் இதே அழுத்தத்தால் தளிரின் ஓரங்களில் நீர்த்துளிகள் கோத்து நிற்கின்றன. பாக்டீரியா அந்தத் துளியில் பெருகி, விடிந்தபின் துளி உள்ளே இழுக்கப்படும்போது தானும் உள்ளே போய்விடும்.

இவையெல்லாம் வாசலைப் பற்றிய செய்திகள். உள்ளே நுழைந்த பின் நடக்கும் போராட்டத்திலும் வயதுக்குப் பங்கு உண்டு. வளரும் இலை தன் வருவாயையெல்லாம் வளர்ச்சிக்கே செலவிடுகிறது, தற்காப்புக்கு ஒதுக்குவது குறைவு. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியில் இதைத் தெளிவாகவே கண்டிருக்கிறார்கள்: இளம் செடியில் தாராளமாகப் பெருகும் சூடோமோனாஸ் சிரிஞ்சே, முதிர்ந்த செடியில் அவ்வளவு பெருக முடிவதில்லை, அந்த எதிர்ப்புக்குச் செடி தானே சேர்த்துக்கொள்ளும் சாலிசிலிக் அமிலம் தேவைப்படுகிறது. செடியின் வயதும் தனி இலையின் வயதும் ஒன்றல்ல என்பதை மறக்கக் கூடாது. கிவியின் இலையில் நடப்பதும் அப்படியே இதே வேதியியல்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த நோயை எதிர்க்கும் ஆற்றல் வயதோடு வளரக்கூடியது என்பதற்கு அது நல்ல சான்று.

பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்பார்கள். இந்த நோயைப் பொறுத்தவரை சிரிக்கும் முறை பழுத்த ஓலையுடையது. அதற்காக முதிர்ந்த இலைக்கு நோயே வராது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆலங்கட்டி கிழித்த இலைக்கும், காற்றோடு சேர்ந்த கனமழையில் நீர் உள்ளே ஏறி ஊறிய இலைக்கும் வயது பாதுகாப்புத் தராது.

இப்போது உரிப்பதற்கு வருவோம். ஓர் இலையைக் காம்போடு பிய்க்கும்போது, தண்டில் அந்த இடத்தில் நீர் செல்லும் குழாய்களின் வாய் கொஞ்ச காலம் திறந்தே இருக்கும். அதன் மேல் மழைத்துளி விழுந்தால் பாக்டீரியா நேராகத் தண்டுக்குள் போகலாம். இலைப்புள்ளி கொடியைக் கொல்வதில்லை. தண்டுக்குள் ஏறி அங்கே புண்ணாவதுதான் கொல்லும். இலையில் தடுத்து நிறுத்தக்கூடிய நோய்க்கு, உரிப்பவர் தம் கையாலேயே தண்டுக்கு வழி திறந்துவிடுகிறார். நுனியில் புள்ளி நிறைந்த கிளைகளை நீக்கத்தான் வேண்டும் என்றால், முதலில் நோய் எது என்று உறுதி செய்துகொண்டு, மழை இல்லாத நாளில், ஒவ்வொரு கொடிக்கும் கத்தரிக்கோலைக் கிருமிநாசினியில் நனைத்து வெட்டுங்கள். வெட்டியதைப் பைக்குள் கட்டுங்கள், பந்தலடியில் போட்டு வைக்காதீர்கள்.

கேள்வி (ஹாவிக் வாசகி): தளிருக்குத்தான் இந்த நோய் எளிதில் பிடிக்கும் என்று படித்தேன். எங்கள் கொடியிலோ நுனித் தளிர்கள் பசுமையாக இருக்க, நடுவில் உள்ள நான்கைந்து முற்றிய இலைகளில்தான் புள்ளிகள் இருக்கின்றன. படித்தது தவறா, அல்லது எங்களுடையது வேறு நோயா?

பதில்: இரண்டும் இல்லாமல் இருக்கலாம். நீங்கள் பார்ப்பது இலையின் இன்றைய வயது. புள்ளி விழுந்தது இலையின் அன்றைய வயதில். தொற்று ஏற்பட்டுப் பல நாட்கள் கழித்தே புள்ளி கண்ணுக்குத் தெரியும். அதற்குள் இலை வளர்ந்துவிடும், அதற்கு மேலே புதிய தளிர்களும் வந்துவிடும். ஒருமுறை செத்த திசு மறுபடி பசுமையாவதில்லை. சிறுவயதில் பட்ட அம்மைத் தழும்பு முதியவர் முகத்தில் இருப்பதைப் பார்த்து, முதுமையில் அம்மை வந்தது என்று யாரும் சொல்வதில்லை அல்லவா?

இந்த உண்மையைத் தோட்டக்காரர் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். கிவிக் கொடியின் ஒவ்வொரு கிளையும் ஒரு நாட்காட்டி. அடியிலிருந்து நுனிவரை உள்ள இலைகள் அது கடந்து வந்த வாரங்கள். வசந்தத்தில் மொட்டு உடைந்தவுடன் ஏழெட்டுக் கிளைகளைத் தேர்ந்துகொண்டு, வாரத்துக்கு ஒருமுறை அன்றைய நாளில் புதிதாக விரிந்த இலையின் கணுவில் ஒரு வண்ண நூலைக் கட்டி, எந்த வாரத்துக்கு எந்த நிறம் என்பதையும் அந்த வாரம் பெய்த மழையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பின்னர் புள்ளிகள் தெரியும்போது, எந்த நிறங்களுக்கு இடையே அவை கூடியிருக்கின்றன என்று பார்த்தால், எந்த மழையில் நோய் ஏறியது என்பது ஏறக்குறையப் புலப்படும். உங்கள் கொடியில் நடு இலைகள் மட்டும் பாதிக்கப்பட்டு நுனி சுத்தமாக இருப்பது, அந்த இலைகள் தளிராக இருந்தபோது ஒரு மோசமான வாரம் வந்து போனதையும், அதற்குப் பின் வந்த தளிர்கள் உலர்ந்த நாட்களில் விரிந்ததையும் காட்டக்கூடும். நான் பல ஆண்டுகள் நூல் கட்டாமல் நினைவை நம்பி ஏமாந்தவன். எந்த வாரம் எவ்வளவு மழை பெய்தது என்பதை நினைவு ஒருபோதும் சரியாகச் சொல்வதில்லை.

புள்ளிகள் எல்லா வயது இலைகளிலும் ஒரே சீராக, அதிலும் காற்று வரும் பக்கத்தில் மட்டும் இருந்தால் வேறு காரணத்தைத் தேடுங்கள். மருந்துச் சூடு, காற்றில் மிதந்து வந்த களைக்கொல்லி, உறைபனி ஆகியவை இலையின் வயதைப் பார்த்து விழுவதில்லை.

கேள்வி (சனீன் வாசகர்): புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால்தான் பிஎஸ்ஏ என்கிறார்கள். எங்கள் தளிர்களில் வளையம் இல்லை. நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: வளையத்தை மட்டும் நம்பி நிம்மதியடைய வேண்டாம். நரம்புகளுக்கு இடையில் அடைபட்டு, மூலைகள் கூர்மையாக, கரும்பழுப்பு நிறத்தில் ஓரிரு மில்லிமீட்டர் அளவில் தொடங்குவதே இந்தப் புள்ளியின் முக்கிய அடையாளம். மஞ்சள் வளையம் பல நேரங்களில் இருக்கும், சில நேரங்களில் இருக்காது. இளம் இலைகளில் அது தெரியாமலே போவதுண்டு.

எதிர்ப்பக்கத்து எச்சரிக்கையும் ஒன்று உண்டு. வளையத்தோடு கூடிய புள்ளி இருந்தாலே கொடி அழிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. முதலில் வீரியம் குறைந்த பிஎஸ்ஏ என்று கருதப்பட்டு, பின்னர் ஆக்டினிடிஃபோலியோரம் என்ற தனிப்பெயர் பெற்ற ஒரு நெருங்கிய உறவு வகை, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் காணப்படுகிறது. அதுவும் இலையில் புள்ளி போடும். ஆனால் தண்டைப் புண்ணாக்கிக் கொடியைக் கொல்வதில்லை. கண்ணால் இரண்டையும் பிரித்தறிய முடியாது, ஆய்வகத்தில் மரபணுச் சோதனை செய்தே தீர வேண்டும்.

இவ்வளவு கவனம் ஏன் என்பது நோயின் வரலாற்றைப் பார்த்தால் விளங்கும். இந்த நோய் 1984இல் ஜப்பானின் ஷிசுவோகாப் பகுதியில் கவனிக்கப்பட்டு, 1989இல் விஞ்ஞான முறையில் பெயரிடப்பட்டது. கொரியாவிலும் இத்தாலியிலும் 1990களில் தென்பட்டாலும் அப்போது அது உலகை அச்சுறுத்தவில்லை. 2008இல் இத்தாலியின் லத்தீனா மாவட்டத்தில் மிகக் கொடிய வடிவம் ஒன்று வெளிப்பட்டது. 2010 நவம்பரில் நியூசிலாந்தின் டே பூக்கே ஊரில் அதே வடிவம் கண்டறியப்பட்டு, சில ஆண்டுகளுக்குள் ஹார்ட்16ஏ என்ற மஞ்சள் கிவி வகை தோட்டம் தோட்டமாக வெட்டி அகற்றப்பட்டது. அதன் இடத்தைத் தாங்குதிறன் கூடிய கோல்ட்3 பிடித்துக்கொண்டது. நவம்பர் என்பது அங்கும் இங்கும் தளிர் விரியும் வசந்த காலம்தான் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே தண்டிலும் பாருங்கள். வசந்தத் தொடக்கத்தில் கொடியின் கணுக்களிலும் கவாத்துக் காயங்களிலும் வெள்ளை நிறத்திலோ துருச் சிவப்பிலோ பிசின்போல் கசிவு இருந்தால், அல்லது பூ மொட்டுகள் பழுப்பாகி விரியாமல் நின்றால், இலையைப் பறித்து அண்டை வீட்டாருக்குக் காட்ட எடுத்துச் செல்லாதீர்கள். படம் எடுத்து, வேளாண்மைத் துறையின் தாவரநல அலுவலர்களுக்குத் தெரிவித்து, மாதிரி எடுக்கும் வேலையை அவர்களிடம் விடுங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்): செப்டம்பரில் மொட்டு உடைந்தவுடன் தாமிர மருந்து அடித்தேன். நவம்பரில் அடித்த இலைகள் நன்றாக இருக்க, புது இலைகளில் புள்ளிகள் வருகின்றன. மருந்து போலியா? தழை வளரட்டும் என்று யூரியாவும் தாராளமாகப் போட்டேன்.

பதில்: மருந்து போலியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தாமிரம் இலைக்குள் ஊடுருவிப் பரவும் மருந்து அல்ல. அது மேற்பரப்பில் படலமாக இருந்து, இறங்கும் பாக்டீரியாவைக் கொல்கிறது. நீங்கள் அடித்த நாளில் எந்த இலை வெளியே இருந்ததோ அதன் மேல்தான் அது இருக்கிறது. மறுநாள் விரிந்த தளிரில் ஒரு துளிகூட இல்லை. அன்றே பாதி விரிந்திருந்த தளிரும் வளர வளர, அதன் மேலிருந்த படலம் இழுபட்டு இடைவெளி விழுந்திருக்கும். எந்த வயது இலைக்குப் பாதுகாப்பு மிகவும் தேவையோ, அந்த வயது இலைதான் மருந்துப் பூச்சை வேகமாக மீறி வளர்கிறது. வசந்த காலத்தில் தெளிப்பின் இடைவெளியை நாட்காட்டியை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. கடைசித் தெளிப்புக்குப் பின் எத்தனை புதிய இலைகள் விரிந்துள்ளன, அடுத்த மழை எப்போது என்ற இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மழைக்கு முன் அடித்து, படலம் காய நேரம் கொடுங்கள். மழைக்குப் பின் அடிப்பது பெரும்பாலும் மனநிறைவுக்கே. அளவையும் எத்தனை முறை என்பதையும் மருந்துப் பெட்டியின் சீட்டில் உள்ளபடி மட்டுமே பின்பற்றுங்கள். குளிர்ந்து மெதுவாகக் காயும் நாளில் தாமிரமே தளிரைச் சுட்டுவிடும், அந்தச் சூட்டுப் புள்ளியைப் பார்த்து நோய் என்று மறுபடி தாமிரம் அடிப்பவர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

யூரியாதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. மிகையான தழைச்சத்து இலைகளை மெத்தென்று வளர்ப்பதோடு நில்லாமல், தளிர் விடும் காலத்தையே நீட்டிவிடுகிறது. தழைச்சத்தை அளவாக இட்ட கொடி ஒரு கட்டத்தில் நுனி வளர்ச்சியை மட்டுப்படுத்தி இலைகளை முற்ற வைக்கும். யூரியா மிகுந்த கொடி இளமையை விடவே மறுக்கும். நோய்க்கு நாமே வாசலைத் திறந்து வைத்த கதையாக அது முடியும். கோடை முடிவில் கடுமையாகக் கவாத்து செய்தாலும் இதே விளைவுதான்: வெட்டிய இடங்களில் புதுத் தளிர்கள் கிளம்பி, வெப்பம் தணிந்து இரவுகள் குளிரும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் முற்றாத நிலையில் நிற்கும்.

நம் மாகாணத்தின் பருவநிலை ஒரு வகையில் நமக்கு உதவுகிறது, இன்னொரு வகையில் கெடுக்கிறது. இந்தப் பாக்டீரியாவுக்கு 10 முதல் 20 பாகை செல்சியஸ் வரையிலான ஈரமான குளிர்ச்சி பிடிக்கும். 25 பாகையைத் தாண்டும் நாட்களில் அதன் வேகம் மட்டுப்படும். குவாசூலு-நட்டாலில் மழை கோடையைச் சார்ந்தது, குளிர்காலம் உலர்ந்தது. இலை உதிர்ந்து தழும்புகள் திறந்திருக்கும் மே, ஜூன் மாதங்களில் வானம் பெரும்பாலும் வறண்டிருப்பது நமக்கு ஆதாயம். குளிர்காலத்தில் மழை பெறும் மேற்குக் கேப்புக்கு இந்த வசதி கிடையாது. ஆனால் மேட்டுநிலங்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களின் மூடுபனியும் சாரலும் சரியாகத் தளிர் விரியும் நேரத்தில் வந்து சேர்கின்றன, கூடவே ஆலங்கட்டியும். குளிர்காலத்து உறைபனி தண்டில் வெடிப்புகளை உண்டாக்கி நோய்க்குத் துணைபோவதையும் இத்தாலியில் கண்டிருக்கிறார்கள். ஆகவே தாழ்வான பனிக்குழியில் கிவி வைக்காதீர்கள்; மேலிருந்து தெளிக்கும் பாசனத்தைத் தவிர்த்து, வேரடியில் சொட்டுநீர் விடுங்கள்.

கேள்வி (சாட்ஸ்வர்த் வாசகி): எங்கள் வீட்டுக் கொடி சிறிது சிறிதாக, மாதக்கணக்கில் துளிர்க்கிறது. நோய் வந்தால் அருகில் உள்ள கறிவேப்பிலை மரத்துக்கும் பரவுமா? காயைச் சாப்பிடலாமா?

பதில்: பிஎஸ்ஏ கிவி இனத்துக்குரிய வகை, உங்கள் கறிவேப்பிலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். காயையும் சாப்பிடலாம், இந்தப் பாக்டீரியா மனிதருக்கு நோய் தருவதில்லை.

முதலில் சொன்ன செய்தியில்தான் விஷயம் இருக்கிறது. கடலோரத்தில் கிவிக்குத் தேவையான குளிர்கால உறக்கம் போதிய அளவு கிடைப்பதில்லை. குளிர் போதாத கொடியில் மொட்டுகள் ஒரே நேரத்தில் உடையாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சோம்பலாக விழிக்கும். மேட்டுநிலத்துக் கொடி சில வாரங்களில் தாண்டிவிடும் தளிர்ப் பருவத்தை உங்கள் கொடி மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறது. அதில் எப்போது பார்த்தாலும் ஏதோ ஒரு கிளையில் நோய்க்கு ஏற்ற வயது இலை இருக்கும். கடலோர வெப்பம் பாக்டீரியாவைக் கட்டுப்படுத்துவது உங்களுக்கு ஆறுதல். வேறு கொடி வைக்கும் எண்ணம் இருந்தால், குறைந்த குளிரிலேயே ஒழுங்காகத் துளிர்க்கும் வகையை நம்பகமான நாற்றுப்பண்ணையில் கேட்டு வாங்குங்கள். உறவினர் தோட்டத்திலிருந்து தண்டு வெட்டி எடுத்து வராதீர்கள்.